டிரங்குப் பெட்டியில் இருக்கும் அட்டை

திருப்பூர்

அன்புள்ள அம்சத்துக்கு,

தோத்திரம். உன் முழங்கால் வலி தேவலையா? நாற்று நட வயலில் இறங்காதே. இந்தக் கடிதம் என் கையாலேயே எழுதுவது. மூன்று நாளாக எழுதுகிறேன். சிரிக்காதே.

போன வாரம் லேசாகக் காய்ச்சல். மில் கேட் பக்கத்து அறையில் தனியாகப் படுத்திருந்தேன். எழுத்துக் கற்றுத்தரும் சர்ச் வகுப்பில் கொடுத்த பைபிள் வசனத்தை விரல் வைத்துப் படித்தேன். புதுத்தண்ணீர் வந்து நம் வாய்க்கால் மெல்ல நிறையுமே, அப்படி மனசு நிறைந்தது.

நம் மகள் மலர்க்கொடியை அடக்கம் செய்த நாளின் மழை ஞாபகம் வந்தது. சம்பா மூழ்கிக் கிடந்தது. அடுத்து வந்த புது வருஷ ஆராதனையில் எனக்கு வந்த, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை நீ படிக்க வாயெடுத்தாய். "ஆண்டவர் பேச்சே எனக்கு வேண்டாம்டி" என்று பிடுங்கி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அவர் என்ன சொன்னார் என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

அந்த அட்டையைத் தபாலில் அனுப்பு. கூடவே கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய். நீ முன்னமே படித்திருந்தாலும் சொல்லிவிடாதே. இருபது வருஷம் அவரைக் காக்க வைத்துவிட்டேன். நான் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டாரா?

மில் சங்கு ஊதிவிட்டது, கேட்டைத் திறக்க வேண்டும்.

உன் இராஜாங்கம்