தொலைந்துபோன ஐந்தாவது எபிசோடு

15 செப்டம்பர் 2025, திங்கள்

இன்றும் ரயிலில் இடம் கிடைத்தது. பத்மாக்கா நகரி ஸ்டேஷனிலேயே லேடீஸ் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவார். புத்தூரில் நான் ஏறியதும் பை அவர் மடிக்குப் போகும், நான் உட்காருவேன். வருஷக்கணக்காக இப்படித்தான். அந்த ஜன்னலை மட்டும் கேட்கக்கூடாது. போன மாதம் எனக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட, "காத்து பட்டா ஜாஸ்தி ஆவும், நீ உள்பக்கமே உக்காரு" என்றார். பெரிய டாக்டர்!

திருப்பதி வரை பேச்சு 'ஹாலோஃபீல்ட்' பற்றித்தான். எழுபதுகளில் இங்கிலாந்து டிவியில் வந்த தொடர். கொள்ளைநோயில் உலகமே செத்துப்போக, மிச்சமிருக்கிற கொஞ்சம் பேர் ஒரு பண்ணைக்கு வேலி போட்டுக்கொண்டு வாழ்கிற கதை. மொத்தம் ஆறு எபிசோடு. ஐந்தாவது மட்டும் இல்லை. டேப் விலை அதிகம் என்று அந்தக் காலத்தில் பழையதை அழித்து அதன் மேலேயே வேறு எதையோ பதிவு செய்துவிட்டார்களாம், பாவிகள். நாலாவதில் டீச்சர் மார்ஜரியும் நர்ஸ் ஐரிஸும், வெளியாட்களுக்குக் கேட்டைத் திறப்பதா வேண்டாமா என்று சண்டை போட்டுப் பிரிகிறார்கள். ஆறாவதில் இரண்டு பேரும் சேர்ந்து உருளைக்கிழங்கு தோண்டுகிறார்கள். நடுவில் எப்படி ராசியானார்கள்? ஒருவருக்கும் தெரியாது.

பத்மாக்கா பள்ளிக்கூட டீச்சர், அதனால் மார்ஜரி கட்சி. கேட்டைத் திறக்கவே கூடாது. நான் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிறவள். ஐரிஸ் கட்சி.

"அமெரிக்காக்காரன் உலகம் அழிஞ்சா துப்பாக்கிய தூக்குவான். இங்கிலாந்துக்காரன் டீ போட்டுக்கினு சண்ட போடுவான். அதான் நமக்குப் புடிக்குது" என்றார். எதிர் சீட்டுப் பூக்காரம்மா எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

20 செப்டம்பர், சனி

புது ஹாலோஃபீல்ட் வந்துவிட்டது! அதே கதையைப் புது ஆட்களை வைத்து எடுத்திருக்கிறார்கள். சித்தூரிலிருந்து எங்கள் ஹாலோஃபீல்ட் ரசிகர் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற கிரண்குமார் விடிந்ததும் எச்சரிக்கை போட்டுவிட்டான்: ஒரு வாரத்துக்கு யாரும் கதையை வெளியே விடக்கூடாது, எல்லோரும் பார்த்து முடிக்கட்டும்.

ராத்திரி சமையல் முடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் கழனியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா, உலகம் அழிஞ்சி முடிஞ்சிச்சா? நான் துன்னலாமா?"

அவரே தோசை வார்த்தார். எனக்கும் இரண்டு. நல்ல மனுஷன்தான்.

21 செப்டம்பர், ஞாயிறு

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

பார்த்து முடித்த குஷியில் குழுவில் போட்டேன்: 'புதுசு சூப்பர். நல்லவேளை, அந்த டீச்சரம்மா முதல் எபிசோடுலயே காலி!'

கிரணின் எச்சரிக்கைக்கு நேர் கீழேயே! அழிப்பதற்குள் பத்மாக்கா பார்த்துவிட்டார். அவர் இன்னும் பார்க்க ஆரம்பிக்கவே இல்லை. பழசுதான் ஒசத்தி என்று வாய் சொன்னாலும், புதுசுக்கு எத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார்! அது போதாதென்று 'நல்லவேளை' வேறு. எந்த டீச்சரம்மாவைச் சொன்னேன் என்று அவர் நினைத்தாரோ.

அவர் பதில்: 'புதுசு பாக்கறவங்களுக்கு மூள இல்லன்னு தெரியும். மனசும் இல்லன்னு இன்னிக்குத் தெரிஞ்சிது.'

அதற்குக் கீழே, பத்மாவதி குழுவிலிருந்து வெளியேறினார். போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

22 செப்டம்பர், திங்கள்

சீட்டில் பை இல்லை. பூக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பத்மாக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, தினம் பார்க்கிற அதே மலை.

திருப்பதி வரை நின்றுகொண்டே போனேன்.

26 செப்டம்பர், வெள்ளி

நின்றேன்.

5 அக்டோபர், ஞாயிறு

எங்கள் குழுவின் மாதாந்திரக் கூட்டம், திருப்பதியில் வழக்கமான ஓட்டல் மாடியில். பத்மாக்கா வரவில்லை. பழசுக்கு வாதாட ஆள் இல்லாததால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். உப்பில்லாத உப்புமா மாதிரி ஒரு கூட்டம். புதுசைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல எழுந்தேன், எனக்கே அலுப்பாக இருந்தது. ஏன் இப்படி? பத்மாக்கா மறுப்பார் என்று நினைத்துத்தானே இத்தனை நாள் பேசினேன்?

"நீங்க போய் கால்ல வுழுந்தாவது இட்டாந்துடுங்கக்கா" என்றான் கிரண்.

விழலாம். முகம் கொடுத்தால்தானே?

22 அக்டோபர், புதன்

கை இன்னும் ஈரமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் திரும்பும்போது பேய் மழை. சாரல் அடிக்கிறது என்று லேடீஸ் பெட்டிக் கதவை இழுத்துச் சாத்தி வைத்திருந்தோம். ரேணிகுண்டாவில் ரயில் நின்றதும் வெளியே தடதடவென்று தட்டல். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு குடும்பம். திருப்பதி மலையிலிருந்து திரும்புகிறவர்கள். ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் மொட்டை. மழையில் சந்தனம் கரைந்து முகமெல்லாம் மஞ்சளாக வழிகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், உலகம் அழிந்து மிச்சமானவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்!

"ஜனரல்ல கால் வெக்க எடமில்லம்மா, கொயந்த நனையுது!" என்று கத்தினார் ஒருவர்.

"ஆம்பளைங்க இருக்காங்க, தொறக்காதீங்க" என்று உள்ளே நாலு பேர். ரயில் ஊதிவிட்டது. நான் — ஐரிஸ் கட்சி, கேட்டைத் திறக்கணும்னு வருஷக்கணக்கா வாய் கிழிய வாதாடினவ — மரம் மாதிரி நின்னுக்கினு இருந்தேன். வெட்கக்கேடு.

பத்மாக்கா எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"ஏறுங்க, ஏறுங்க! சீக்கிரம்! ஆம்பளைங்க அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி மாறிக்கணும், ஆமா." குழந்தையை முதலில் வாங்கினார். பிறகு திரும்பி, "ஏமே தேவயானி, வேடிக்கையா பாக்கற? பைய புடி!" என்றார்.

ஒரு மாதம் கழித்து அவர் வாயில் என் பேர்.

பிடித்தேன். எல்லோரையும் உள்ளே இழுத்துப்போட்டு மூச்சு வாங்கி நின்றபோது கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்களா தொறந்தீங்க? மார்ஜரி தொறக்கமாட்டாளே?"

"சீரியல் வேற, மழ வேற. போவியா."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. "மன்னிச்சிடுக்கா, தெரியாம எழுதிட்டேன்" என்றேன், அந்தக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். அவர் முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பூடி ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்:

"எப்டி செத்தா?"

"யாரு?"

"மார்ஜரி. பாதி சொல்லிட்ட இல்ல, மீதியும் சொல்லு."

புத்தூர் வரை சொன்னேன். "தூ, இதுவா சாவு?" என்றார். எவ்வளவு நிம்மதி!

23 அக்டோபர், வியாழன்

சீட்டில் பை இருந்தது. உட்கார்ந்தேன்.

2 நவம்பர், ஞாயிறு

பத்மாக்கா கூட்டத்துக்கு வந்தார். ஓட்டல் மாடி அதிர்ந்தது. இன்றைக்குத் தலைப்பு, தொலைந்துபோன ஐந்தாவது எபிசோடில் என்ன நடந்திருக்கும் என்பது. என் கட்சி, இரண்டு பேரில் யாரோ ஒருத்தி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பத்மாக்கா மேஜையைத் தட்டினார். "ஒருத்தியும் கேட்டிருக்க மாட்டா! தப்பு ரெண்டு பேர் மேலயும் இருந்துது. கெழங்கு தோண்ற வேல வந்துது, தோண்டினாங்க. அவ்ளோதான்."

"ரயில்ல நான் கேட்டேனே?"

"நீ கேட்ட. நான் கேட்டனா?"

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். ஓட்டெடுப்பில் அவர்தான் ஜெயித்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அன்று 'மனசும் இல்ல' என்று எழுதினாரே, அதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அவர் அப்படித்தான். ஆள் திரும்பி வந்ததே போதும்.

3 நவம்பர், திங்கள்

புத்தூரில் ஏறினேன். பத்மாக்கா உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். பை ஜன்னலோரத்தில் இருந்தது.

நின்றுகொண்டே பார்த்தேன்.

"இன்னாத்த பாக்கற? ஒக்காரு" என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது.

கிரணுக்குச் சொல்லலாமா, ஓட்டைத் திருப்பி எண்ணச் சொல்லி? வேண்டாம். அவரே ஜெயித்ததாக இருக்கட்டும்.