எனக்காக வைத்திருந்த ஆசீர்

செவ்வாய், இரவு.

ஸ்கூடாய் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். பங்குத்தந்தை நான் வாய் திறக்காமல் அங்கே எதுவும் முடிவானதில்லை. இன்று எல்லாம் முடிந்திருந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசையை மாலைக்கு மாற்றிவிட்டார்களாம். வருடக்கணக்கில் நான் மறுத்துவந்த விஷயம்.

"சிங்கப்பூர்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு எல்லை தாண்டி வர்றவங்க காலைல எப்படி எழுந்திரிப்பாங்க? நாங்களே பேசி முடிச்சிட்டோம் லா ஃபாதர். கோவமா?" என்றார் பேரவைத் தலைவி ஸ்டெல்லா.

கோபம்தான். பேரவை ஆலோசனைதான் சொல்லலாம், முடிவு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அடுத்த மாதம் பணி ஓய்வில் போகிறவன் நான். நான் போனால் இவர்கள் என்ன செய்வார்களோ என்று ஆயரிடம் புலம்பியவனும் நான்தான்.

"சரி, மாத்திடலாம்," என்றேன்.

"அப்போ ஆசீர் குடுங்க ஃபாதர். அதை மட்டும் உங்களுக்கு வெச்சிருக்கோம்."

கொடுத்தேன். பிறகு எனக்கென்று மூடி வைத்திருந்த மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை ஸ்டெல்லா நகர்த்தினார். அதில் மட்டும் மிளகாய் இல்லை. என் வயிற்றுப்புண்ணைப் பற்றி இவர்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.