அப்பன் சோறு

கோயம்புத்தூர்
12.7.1992

மகன் குருவையாவுக்கு அப்பா ஆசீர்வாதம். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். அறிவொளி வகுப்பில் ஐந்து மாதம் படித்து, இதை நானே எழுதுகிறேன். குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தபடி மூன்று நாளாக எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ராஜபாளையம் மில்லில் அப்ரண்டிஸ் வேலையை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போவதாகப் பதில் எழுதியிருந்தாய். அதையும் நானேதான் படித்தேன்.

போன மாதக் கடிதத்தை எனக்காக எழுதியவர், கூட வேலை செய்யும் உக்கிரபாண்டி அண்ணன். "ஏலே கண்ணுச்சாமி, 'எம்புட்டு நாளைக்கு அப்பன் சோத்துல இருப்ப'ன்னு போடுதேன். அப்பத்தான் பயலுக்குப் புத்தி வரும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவர் முன்னால் வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன். சொல் அவருடையது. ஆனால் கீழே கைநாட்டு வைத்தது நான்தான்.

சம்பளம் கம்மி என்று வேலையை விடாதே. இன்னும் ஒரு வருடம்தானே. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நீ போய்வரும் பஸ் காசும் உன் சாப்பாடும் என் பொறுப்பு. அதுவரை அப்பன் சோற்றைக் கூச்சப்படாமல் சாப்பிடு.

உன் பழைய நோட்டுகளில் எழுதாத தாள் இருந்தால் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இங்கே பேச ஆள் இல்லை. அடுத்த வாரம் அம்மாவுக்கு எழுதுவேன், நீ படித்துக் காட்டு. அந்தக் கைநாட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அப்பா,
கண்ணுச்சாமி