தத்தக்கா ஓடுகிற படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவன் கருணையில் இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உங்களுக்காகக் கேட்டுக்கொள்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, அந்த நாற்காலியை மாற்று என்றேனே மாற்றினாயா இல்லையா, அதை எழுது. இங்கே குளியலறைக் குழாய் மறுபடி சொட்ட ஆரம்பித்துவிட்டது, குழாய்க்காரரைக் கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்கிறார், நானும் அடியில் வாளியை வைத்துவிட்டு, போகட்டும், வீட்டில் இன்னொரு ஆள் புழங்குகிற மாதிரி ஒரு சத்தம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாமா புதிதாகப் பல் செட் கட்டிக்கொண்டார், சிரித்தால் யாரோ வேற்று மனிதர் சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம், அத்தை எதிரில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறாளாம். மற்றபடி எல்லாம் வழக்கம்போல்தான். அப்பா இருந்தபோது இரண்டு பேர் பேச்சுக்குப் போதாத பொழுது, இப்போது ஒருத்தி மௌனத்துக்கு அதிகமாக இருக்கிறது.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை போனில் பேசியபோது, ஓடுகிற பிள்ளைகளைக் கையால் ஃபோகஸ் திருகிப் பிடிக்கப் பார்க்கிறாயா அம்மா, பேசாமல் ஆட்டோஃபோகஸில் விட்டுவிடு, உன் கையைவிட அது சுறுசுறுப்பு என்று நீ சொல்ல, மாப்பிள்ளை பின்னாலிருந்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குக் கோபமே இல்லை, அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. ஆனால் ஒருவர் சொன்னார் என்று எதையும் அப்படியே வரவு வைக்கிற புத்தி எனக்குக் கிடையாது, உனக்குத் தெரியுமே. நீ புதிது வாங்கிக்கொண்டு பழையதை எனக்கு அனுப்பி வைத்த நாளிலிருந்து, கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தவள் நான். கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் வந்திருப்பதைப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன், பின்பக்கத்துச் சிமெண்ட் முற்றத்தில் சாயங்காலம் பிள்ளைகளைத் திறந்து விடுவார்கள், டீச்சரிடம் சொல்லிவிட்டு நானும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் எனக்குக் கேமரா பெரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் ஆட்டோஃபோகஸில், ஒரு வாரம் கையால் என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், தனியாக ஒரு பிள்ளை ஓடி வந்தால் நீ சொன்னதுதான் சரி. திரையில் தெரிகிற ஒரு சின்னக் கட்டம் பிள்ளையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது, நான் லென்ஸ் வளையத்தைத் திருகுவதற்குள் பிள்ளை என்னைத் தாண்டிப் போய்விடுகிறது, எனக்குக் கிடைப்பது காதும் காற்றும்தான். ஆனால் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓடினால் அந்தக் கட்டத்துக்குப் புத்தி கெட்டுவிடுகிறது. வம்பு பேசப் போகிறவள் மாதிரி யார் முகம் கிட்டே வருகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. நமக்கு வேண்டிய பிள்ளை பின்னால் பஞ்சு மாதிரி மங்கிப் போகிறாள்.

நமக்கு வேண்டிய பிள்ளை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே தத்தக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். நாலு வயது. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததாம், கட்டுப் போட்டு, இரும்புப் பட்டை வைத்த காலணி பூட்டி, தத்தித் தத்தி நடந்ததில் அந்தப் பெயர் வந்தது, கேலியாக யாரும் சொல்வதில்லை, அவளே பெயர் கேட்டால் அதைத்தான் சொல்வாள். அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அம்மா கப்பலில் சலவைப் பகுதியில் வேலை. பிள்ளையின் வைத்தியத்துக்கு ஆகட்டும் என்று போனவள், அவள் கிளம்பும்போது இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது காலணியைக் கழற்றியாகிவிட்டது, ஓடுகிறாள். கப்பல் கரை தொடும்போது அம்மா போன் செய்வாளாம், குரல் வரும், முகம் வராது, வீடியோ அனுப்பினால் சுற்றிக்கொண்டே நிற்குமாம். பிள்ளை ஓடுகிறாள் என்று இவர் சொன்னால், என் மனசு தேறட்டும் என்று சொல்கிறீர்கள் என்று அவள் நம்புவதில்லை. காகிதத்தில் ஒரு படம் வேண்டும், படுக்கைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள, அதில் இரண்டு பாதமும் தரையில் படாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் நம்புவேன் என்று கேட்டிருக்கிறாள். அவர் தன் போனில் எடுத்துப் பார்த்திருக்கிறார், எல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எண்ணெய்க் கறையோடு ஒருநாள் மாடி ஏறி வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, காப்பகத்து ஓட்டப்பந்தயத்தன்று நீங்கள் எடுத்துத் தர முடியுமா அம்மா என்று கேட்டார். நான் ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டு, எடுத்துத் தருகிறேன் என்றேன்.

அதற்காகத்தான் மறுபடி கையால் ஃபோகஸுக்குப் போனேன். பிள்ளையைத் துரத்திப் பிடிப்பது என் கையால் ஆகாது, பிள்ளை வரப் போகிற இடத்தை முதலில் பிடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, வளையத்தைத் திருகி அந்தக் குறியைத் தெளிவாக்கிக்கொள்வேன், லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துளையையும் சற்றுக் குறுக்கினால் குறிக்கு முன்னும் பின்னும் ஒரு முழம் தெளிவாக விழுகிறது. அப்புறம் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான், பிள்ளை குறிக்கு வரும்போது விரல் அழுந்த வேண்டும். காத்திருப்பது எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே, அது வந்துவிட்டது. சாயங்காலம் சாயங்காலம் தத்தக்காவை எதிர்ச் சுவரோரம் நிறுத்தி, நான் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கியதும் ஓடி வா கண்ணு என்று கூப்பிடுவேன், ஓடி வந்தால் என் மடியில் ஏறி உட்கார்ந்து பின்பக்கத்துத் திரையில் தன்னைப் பார்த்துக்கொள்வாள். மங்கியிருந்தால், பெரியம்மா உனக்கு எடுக்கத் தெரியவே இல்லை என்று என் தலையில் தட்டுவாள். நாளாக நாளாக மங்கியது குறைந்தது. அவள் உட்கார்ந்த சூடு நான் மாடி ஏறுகிற வரைக்கும் மடியில் இருக்கும். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

பந்தய நாள் வந்தது. கயிறு கட்டி, பெற்றோரெல்லாம் வெளியே நின்றார்கள், லிஃப்ட்காரர் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். நான் எல்லைக் கோட்டுக்கு அப்பால் முக்காலியைப் போட்டுக்கொண்டேன். டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார், அதற்குள் குறியை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினேன். அவ்வளவுதான். அவளுக்கு விசில் என்ன தெரியும், கேமரா தூக்கினால் ஓட வேண்டும் என்றுதானே நான் பழக்கியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் நிற்க, தத்தக்கா மட்டும் வருகிறாள், வாயெல்லாம் சிரிப்பு, கை இரண்டையும் விரித்துக்கொண்டு. என் விரல் அப்போது வளையத்தில் இருக்கிறது, குறி பாதித் தெளிவில் இருக்கிறது, அவள் குறியைத் தாண்டிவிட்டாள், நான் கேமராவைக் கழுத்தில் தொங்க விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். வேறென்ன செய்வது, பிள்ளை ஓடி வரும்போது. ஜனமெல்லாம் சிரித்தது. டீச்சர் திரும்பக் கூப்பிட்டால் இவள் என் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள், கடைசியில் இவள் இல்லாமலே பந்தயம் நடந்து முடிந்தது. கேமராவில் பார்த்தால், தொங்க விட்டபோது விரல் பட்டு விழுந்த சிமெண்ட் தரைதான் இருந்தது.

அன்றைக்குத்தான் கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றிருக்கிறது. முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதே தத்தக்காவின் அம்மா போன் செய்துவிட்டாள். லிஃப்ட்காரர் ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார், விசிலுக்கு முன்னாலேயே கிளம்பினது, கை விரித்துக்கொண்டு ஓடினது, மடியை விட்டு இறங்காதது எல்லாம். டீச்சரும் நடுவில் புகுந்து ஓடுவதில் உன் பெண்ணை அடிக்க ஆளில்லை என்றார். லைன் போய்விட்டதோ என்று அவர் ஹலோ ஹலோ என்றார். அப்புறம் அவள் கேட்டாள்.

"அந்தப் பெரியம்மாகிட்டயா ஓடிப் போனா?"

கண்ணு, அவள் திட்டவில்லை, அழவில்லை, சும்மா ஒரு விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தப்பு கேமராவில் இல்லை, நான் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பந்தயத்துக்காகத்தான் பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் அந்தப் பிள்ளையை என்னிடம் ஓடி வரப் பழக்கியிருக்கிறேன். போனைக் கொடுங்கள் என்று வாங்கி, கப்பல் நாளைக்கும் நிற்குமா என்று கேட்டேன், மத்தியானம் கிளம்புகிறது என்றாள், அப்படியானால் காலையில் ஒரு தடவை கூப்பிடு, வேறு ஒன்றும் கேட்காதே என்றேன். ராத்திரி பிரார்த்தனையில் வார்த்தையே ஓடவில்லை, உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் முற்றத்தில் டீச்சரும், தத்தக்காவை எதிர்ச் சுவரோரம் நிறுத்திக்கொண்ட அவள் அப்பாவும், நானும்தான். அவர் போனை டீச்சர் கையில் கொடுத்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னேன். நான் பக்கவாட்டில், துணி காயப்போடுகிற கம்பிக்குப் பின்னால், தத்தக்கா கண்ணில் படாமல் மண்டியிட்டேன். ஒரே பிள்ளைதான் ஓடுகிறாள், ஆட்டோவே போதும் என்று நீ சொல்வாய், எனக்கும் தோன்றியது, வைத்தும் பார்த்தேன், அது முன்னால் தொங்கிய ஒரு துண்டைப் போய்ப் பிடித்துக்கொண்டது. விசையைத் தள்ளிக் கைக்கு மாற்றி, குறியைத் தெளிவாக்கி, கண்ணை எடுக்காமல் இருந்தேன். போன் வந்ததும் டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு, மகளைக் கூப்பிடு என்றார், அவள் அம்மா மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், செல்லப் பெயர் இல்லை, அவர்கள் வைத்த பெயர். பிள்ளை முதலில் நாலாபக்கமும் பார்த்தாள். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது சத்தம் வந்த பக்கம் கிளம்பிவிட்டாள். நான் முன்பு பார்த்ததெல்லாம் ஒரு ஓட்டமே இல்லை. குறிக்கு வந்தாள், அழுத்தினேன். டீச்சர் போனைக் கீழே தணித்துப் பிடித்தார், பிள்ளை அதைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"காலடிச் சத்தம் கேட்டுதும்மா. ரெண்டு காலும் ஒரே மாதிரி கேட்டுது" என்றாள் அவள் அம்மா. அதற்கப்புறம் அவள் அழுததும் கேட்டது. அவள் அப்பா, பந்தயத்துக்குக் கயிறு கட்டியிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படம் விழுந்திருக்கிறது. இரண்டு பாதமும் தரையில் இல்லை, கீழே குறிமேல் நிழல் தனியாகக் கிடக்கிறது. ஸ்டுடியோக்காரர் அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு, முகம் பக்கவாட்டில் போய்விட்டதே அம்மா, இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்றார். வேண்டாம், அந்தப் பிள்ளை பார்க்க வேண்டிய பக்கம்தான் பார்க்கிறாள் என்றேன். கப்பல் கம்பெனி விலாசத்துக்கு லிஃப்ட்காரர் அனுப்பிவிட்டார். உனக்கும் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு, கிழவி கையால் பிடித்தது என்று சொல். காப்பகம் விடுமுறைக்கு மூடிவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் கால் தன்னாலே படி இறங்கப் பார்க்கிறது, முற்றத்தில் முக்காலி மட்டும் இருக்கிறது, குறி மழையில் பாதி அழிந்துவிட்டது. மேலே வந்து உன் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, பெருக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பெருக்கிவிட்டு, பிரார்த்தனைக்கு உட்காருகிறேன். நீ எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன், கேட்கவும் இல்லை, உன் வேலையும் லீவும் எனக்குத் தெரியாததா. குளிர் நாளில் கால் உறை இல்லாமல் தரையில் நடக்காதே. மாப்பிள்ளை மனம் கோணாமல் நடந்துகொள், அவரும் உன் மனம் கோணாமல் நடக்க வேண்டும் என்று அம்மா சொன்னதாகச் சொல். இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நீண்ட நாள் வாழ ஆண்டவனைக் கேட்டு ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பிட்டியா என்று தட்டி அனுப்பிவிட்டு, நான் பதில் போட்டதும் கட்டைவிரல் பொம்மை அனுப்புகிறாயே, அது வேண்டாம். கூப்பிடு. பேச விஷயம் இருக்க வேண்டும் என்று இல்லை, நேரமும் வேண்டாம், அம்மா என்று ஒரு தடவை சொன்னால் போதும். போனைக் கூடத்து மேஜைமேல் சத்தம் கூட்டி வைத்திருக்கிறேன். மூட்டு டாக்டர் வேகமாக நடக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார், ஆனாலும் நான் எந்த மூலையில் இருந்தாலும் ஓடித்தான் வருவேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா