முனியம்மா படித்த பக்கம்

அக்டோபர் 12, ஞாயிறு

நாளை மனு நாள் என்பதால் கீழ்பென்னாத்தூர் முனியம்மா இன்றே வீடு தேடி வந்துவிட்டாள். நிலத்துக்குப் போகும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரன் அடைத்துவிட்டான். அதற்காக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஐந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது ஆறாவது.

பேப்பர் எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், அவள் மடியில் என் தங்கை மலருடைய நோட்டு. மலர் வேலை பார்க்கும் ஆசிரமப் பக்கத்துக் காபிக் கடையில் ஒரு வெள்ளைக்காரி பழக்கிவிட்ட வேலை அது. பேனாக் கோடு வரி வரியாக ஓடும், ஆனால் ஓர் எழுத்தும் இருக்காது. தியானமாம். கிறுக்கல் என்பேன் நான்.

முனியம்மா ஒரு வரியின்மேல் விரலை மெதுவாக நகர்த்தினாள். ஒரு சுழியில் நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

"இங்கதாம்மா வேலி போட்டுட்டான். மாடுகூட திரும்ப முடியல. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்று பக்கத்தில் நின்ற மலரைக் கேட்டாள்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. சும்மா கை போன போக்குல போட்டேன்."

அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சர்வே நம்பர் முதல் ஒரு பிழையில்லாமல் எழுதுகிறவள் நான். என் மனுவுக்கு முனியம்மா ஒருநாளும் அழுததில்லை.

மலர் தூங்கியதும் நானும் கிறுக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே கை 'உயர்திரு ஆட்சியர் அவர்களுக்கு' என்று எழுதிவிட்டது.

முனியம்மா கைநாட்டு. ஐந்து மனுவையும் என்னைத்தான் படித்துக் காட்டச் சொன்னாள். மலர் எழுதியதை அவளே படித்தாள்.