திரும்பி வந்த பின் செய்ய வேண்டியவை

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் ஓமத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாசனை வந்ததும் எனக்கு நடு ரோட்டில் இறங்கிவிடலாமா என்று இருந்தது. யாரோ ஒருத்தி, வயிறு சரியில்லை போலிருக்கிறது, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "நிஜமாவே கேஸ்தானா, டாக்டர்கிட்ட காட்டினியா" என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. உன்னிடம் கேட்காததை ஊரில் போகிறவர்களிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

நாலு மாதம் உன் மேஜை டிராயரில் இதே மாதிரி ஒரு பாட்டில் இருந்தது. மாடிப்படி ஏறி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மடக்கு குடிப்பாய். நெஞ்சை இரண்டு தடவை நீவிக்கொள்வாய். "கேஸுடி. காலையில பூரி சாப்ட்டது ஒத்துக்கல" என்பாய். நானும் நம்பினேன். தினமுமா ஒருத்தி பூரி சாப்பிடுவாள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஆடி மாதத்தில் ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பி, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே சாய்ந்துவிட்டாய். இந்த மூன்று மாதத்தில் நான் அழுதது கம்மி. உன்மேல் கோபம்தான் ஜாஸ்தி. எதற்குக் கோபம் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே.

உன் காரியத்தன்று உன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். உன் கைப்பையில் இருந்த ஒரு சீட்டைக் காட்டினார். "மார்ச் மாசமே ஆஞ்சியோ பண்ணணும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரும்மா. உடனே வேலூருக்குப் போவச் சொல்லிருக்காரு. எங்க யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுண்ணா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"உங்கிட்டயே சொல்லலன்னா அவ வேற யார்கிட்டதாம்மா சொல்லுவா" என்று அவர் சொன்னார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அந்த நிமிஷம் பிடித்த கோபம் இது. என் வீட்டுக் குக்கரில் வாஷர் போனது முதல் என் வீட்டுக்காரர் என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் வரை உனக்குத் தெரியும். உன் நெஞ்சில் என்ன இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியக்கூடாதா? இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்ததற்கு இதுதான் மரியாதையா?

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஜப்பானால் வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊருக்குக் கிரிவலம் வரும் கூட்டத்துக்கு எத்தனை பஸ், எந்தப் பக்கம் நிறுத்தம், எங்கே தற்காலிகக் கழிப்பறை என்று பேப்பர் போட்டுப் போட்டே தலை நரைத்தவர்கள் நாம் இரண்டு பேரும். போன பொங்கல் முடிந்து ஆபீஸ் வந்த அன்று டிபன் டப்பாவைத் திறக்கும்போது நீதான் ஆரம்பித்தாய். "ஊருக்கே வண்டியும் ரூமும் ஏற்பாடு பண்றோம். நமக்குன்னு ஒரு தடவ பண்ணிக்கலாமாடி?" எந்த ஊர் என்று கேட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்வாய் என நினைத்தேன். ஜப்பான் என்றாய். அங்கே ரயில் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால்கூட மன்னிப்புக் கேட்பார்களாம். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரிட்டையர் ஆவாயாம்.

அதற்கும் ஒரு கோப்பு போட்டாய். ஆபீஸ் வாசனை உன்னை விட்டுப் போகவே போகாது. அட்டை, டேக், சிவப்பு மையில் பக்க எண். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு குறிப்பு எழுதி என் மேஜையில் வைப்பாய். நான் கீழே "பார்த்தேன்" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். அதன் பிறகுதான் நீ ரூம் பதிவு செய்வாய். ஒரு குறிப்பு எனக்கு இப்போதும் மனப்பாடம். "கியோட்டோ நகரில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கும் விடுதி ஒன்றும், கட்டில் வசதியுள்ள விடுதி ஒன்றும் பரிசீலிக்கப்பட்டன. மனுதாரரின் முழங்கால் நிலையைக் கருத்தில் கொண்டு கட்டில் வசதியுள்ள விடுதி பரிந்துரைக்கப்படுகிறது." மனுதாரர் நான். அதைப் படித்துவிட்டு செக்‌ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் படித்தேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தேதி குறித்தது நான். அந்தப் பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன். காலண்டரை எடுத்தேன், பௌர்ணமி எப்போது என்று பார்த்தேன். ஏப்ரல் கடைசியில் அமாவாசை வந்தது. அந்த வாரம் போய்விட்டுச் சித்ரா பௌர்ணமி டியூட்டிக்குள் திரும்பிவிடலாம், எங்கேயும் கூட்டமே இருக்காது, ரூமும் சுலபமாகக் கிடைக்கும் என்றேன். நீயும் ரொம்பச் சரி என்று தலையாட்டினாய். உலகத்தில் எந்த ஊருக்கும் கூட்டம் பௌர்ணமிக்குத்தான் வரும் என்று நம்மைத் தவிர வேறு யார் கணக்குப் போடுவார்கள்?

ரூம் தேடினால் ஒன்றுகூட இல்லை. டோக்கியோவிலும் இல்லை, கியோட்டோவிலும் இல்லை. இரண்டு நாள் நம் இன்டர்நெட்டைத் திட்டினோம். கடைசியில் வருஷா வருஷம் செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கும் ஜப்பான்காரம்மாவைப் பிடித்தாய். பாதித் தமிழ் பேசுவார். நாம் குறித்த தேதியைப் பார்த்துவிட்டு அவர் கையை ஆட்டினார். "இந்த வாரம் வேண்டாம். நிறைய லீவு. இந்த வாரம் ஜப்பான் முழுக்க ட்ரெயின்ல இருக்கும்" என்றார். அமாவாசையன்று போய் ஒரு நாட்டின் மொத்தக் கூட்டத்திலும் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சிரித்தாய்.

ஜூனில் அங்கே மழை. ஆகஸ்டில் வெயில். கார்த்திகையில் தீப டியூட்டி, லீவைப் பற்றி வாயே திறக்க முடியாது. அதனால் தீபாவளி முடிந்த மறுவாரம் என்று தள்ளிப் போட்டோம். ஆறு மாதம்தானே, ஜப்பான் எங்கே ஓடிப் போகிறது என்று நான்தான் சொன்னேன். ஏப்ரலிலேயே போய் வந்திருந்தால் மே மாதம் நீ வேலூருக்குப் போயிருப்பாய். இப்படி யோசிக்காதே என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவருக்கென்ன, சொல்வார்.

நீ ஏன் உடனே போகவில்லை என்பதற்கும் எனக்குக் காரணம் தெரியும். அதுவும் என் வாயிலிருந்து வந்ததுதான். பிப்ரவரியில் பக்கத்து செக்‌ஷன் டைப்பிஸ்ட் நெஞ்சு வலி என்று மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு, அதே வாரம் மூணாறில் படகில் போகும் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தார். நான் அவரை விட்டேனா? ஒரு வாரம் முழுக்க அவர் நம்மைக் கடந்து போகும்போதெல்லாம், "சார், நெஞ்சு இப்ப மெதக்குதா" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம் மெதுவாகக் கேட்டாய், "நாம ஜப்பான் போறப்போ நம்மளயும் இப்படித்தான் பேசுவாங்களாடி?"

"நாம இன்னா மெடிக்கல் லீவா போடறோம்? சேத்து வெச்ச லீவு. எவனும் வாயத் தொறக்க முடியாது."

அடுத்த மாதமே டாக்டர் உனக்கு அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தார். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? ஆஞ்சியோ என்றால் மருத்துவ விடுப்பு. விடுப்பு போட்டால் வெளிநாடு போக ஆபீஸில் நாம் அனுமதி கேட்ட கோப்பில் ஒரு கேள்வி எழுதி அனுப்புவார்கள். அனுமதி கிடைத்தாலும் நெஞ்சு வலிக்காரி ஜப்பான் போனாளாம் என்று பேசுவார்கள். அதில் முதல் குரல் என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தாயா? ஒரு ஆபீஸின் வாய்க்குப் பயந்து உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு காத்திருப்பாளா ஒருத்தி? எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச்சுக்குப் பிறகு நீ போட்ட குறிப்புகள் மாறியதைக்கூட நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். லிப்ட் இருக்கிற ஸ்டேஷன், அதிலிருந்து நூறு அடியில் விடுதி. பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பார்சலில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறலாம் என்று கண்டுபிடித்தாய். என் முழங்காலுக்காக இவள் எவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மடச்சி.

காரியத்தன்று, "இது உங்க ஆபீஸ் ஃபைல் போலக்குதும்மா" என்று உன் அண்ணன் அந்தக் கோப்பையும் என்னிடம் கொடுத்திருந்தார். பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டேன். டிக்கெட்டையும் மற்ற ரூம்களையும் நீ என் போனுக்கு அனுப்பியிருந்த எண்களை வைத்து ரத்து செய்தாகிவிட்டது. கியோட்டோவில் அந்தக் கட்டில் விடுதியை மட்டும் ரத்து செய்ய மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை அதற்குக் கடைசி நாள். அதன் பதிவு எண் கோப்பில் மட்டும்தான் இருந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன்.

நாற்பத்தொன்றாம் பக்கம். "திரும்பி வந்த பின் செய்ய வேண்டியவை" என்று தலைப்பு. கீழே உன் முத்து முத்தான கையெழுத்து. ஒன்று, கிரைண்டர் கல் கொத்த வேண்டும். இரண்டு, ஆஞ்சியோ, வேலூர். மூன்று, அண்ணன் மகள் சடங்குக்குப் புடவை. நான்கு, மீதி லீவு சரிபார்க்க. அதற்குக் கீழே, "பார்வைக்குப் பணிந்து வைக்கப்படுகிறது."

அதற்கும் கீழே, நீல மையில், "பார்த்தேன்." என் சுருக்கொப்பம். மார்ச் கடைசி வாரத்துத் தேதி.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. நிதியாண்டு முடிகிற அமளி. என் மேஜையில் கோப்புகள் கழுத்து வரை. நீ வந்து இதை நீட்டினாய். "படிச்சுட்டுப் போடுடி" என்றாய். "நீ எழுதினா எல்லாம் சரியாத்தான் இருக்கும், கொண்டா" என்று பேனாவைத் திறந்தேன். நீ உடனே போகவில்லை. ஒரு நிமிஷம் நின்றாய். நான் தலையை நிமிர்த்தவில்லை.

ஏன், இது ஒரு சொல்கிற முறையா? கிரைண்டர் கல்லுக்கும் சடங்குப் புடவைக்கும் நடுவில் செருகித்தான் இதைச் சொல்ல வேண்டுமா? வாய் இல்லையா உனக்கு? மதியம் என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுக்கும்போது வாய் இருந்ததே. "எனக்கு நெஞ்சுல அடைப்பாம்டி, பயமா இருக்கு" என்று ஒரே ஒரு வரி. அன்றைக்கே உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலூர் பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். ஆபீஸ் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்றிருப்பேன். அப்படிச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது.

உன் அண்ணனிடம், அத்தனை பேர் முன்னால், சத்தியமா தெரியாது என்று சொன்னவள் நான். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அந்தப் பக்கத்தை மட்டும் டேக்கிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனேன்.

அண்ணன் களத்திலிருந்து கை கால் கழுவிக்கொண்டு வந்தார். நான் தாளை நீட்டி, "அவ எங்கிட்ட சொல்லிருக்காண்ணா. நான்தான் படிக்காம கையெழுத்து போட்டுட்டேன்" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். என்னைப் போல இல்லை.

"இது எந்தத் தேதிம்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வாரம்தான் செடியிலேர்ந்து ஆஞ்ச மல்லாட்டய மூட்ட கட்டி எண்ணெ மில்லுக்கு வண்டியில ஏத்தினோம். ஆள் பத்தல. ஆபீஸ்லேர்ந்து வந்தவ, பைய வெச்சிட்டு, எங்கூட ஒரு பக்கம் புடிச்சா. ஒம்பது மூட்ட. வேர்த்துக் கொட்டுச்சி அவளுக்கு. வெயிலுன்னு நெனச்சேன்" என்றார்.

உன் அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. உன்மேல் கோபப்பட அந்த வீட்டிலும் ஓர் ஆள் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் என்னைப் போலவே அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது அந்தத் தாளை அவரிடமே விட்டுவிட்டு வரலாம் என்று மேஜைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்து, நாலாக மடித்து, என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"உங்கையெழுத்து போட்டிருக்குது. நீயே வெச்சிக்கம்மா" என்றார்.

கோபத்தில் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். என்னிடம்தான் இருக்கிறது.