எண்கள் உள்பக்கம்

செப்டம்பர் 2, செவ்வாய்

நூறு இன்றைக்கும் எழும்பவில்லை. ஏழாவது முறை. தொண்ணூற்றேழரை கிலோவை மளிகைப் பையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வைக்கிறாள் என் தங்கை. இரண்டரை கிலோ கூட்டினால் போதும், ராடு தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. ராடு பாதத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். அக்குளை இறுக்கு. வயிற்றில் காற்றைப் பூட்டு. பிடுங்காதே, முதலில் ராடில் இருக்கிற தளர்ச்சியை வாங்கு, பிறகு தரையைக் காலால் தள்ளு. தொண்ணூற்றேழரை வரை ஒரு பிழை இல்லாமல் செய்கிறாள். நூறு என்றதும் இடுப்பு முந்திக்கொண்டு மேலே போகிறது, முதுகு வளைகிறது, கை விடுகிறது. கனமா அது? இல்லை. மூன்று இலக்கம். அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் நகர டெட்லிஃப்ட் போட்டி இருக்கிறது; ராடைத் தரையிலிருந்து இடுப்புவரை எடுத்து நிமிர வேண்டும். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக மேடை ஏறப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்று என் தரையடி ஜிம்முக்கு வந்தவள். மேலே டயர் கடை, கீழே நாங்கள். இரண்டு வருடத்தில் வலி போய், ஆசை வந்துவிட்டது.

"எனக்கு அவ்ளோதான்க்கா விதிச்சிருக்கு" என்றாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே. எனக்குக் கோபம் வந்தது. விதியாம்.

செப்டம்பர் 4, வியாழன்

எனக்கும் கிளீனில், ராடை ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவதில், எண்பது கிலோ இப்படித்தான் மாதக்கணக்கில் மறுத்தது. ஒருநாள் என் கோச் எழுபத்தைந்து என்றார், எடுத்தேன். எண்பத்திரண்டு என்று அப்புறம் சொன்னார். ஜிம்மே சிரித்தது. நான் அழுதேன், சந்தோஷத்தில். இந்தத் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பொய் என்று யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

செய்துவிட்டேன்.

என்னிடம் இரண்டு செட் பிளேட் இருக்கிறது. ஒன்று நான் புதிதாக வாங்கியது, இன்னொன்று மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து வந்தது. எல்லாம் கறுப்பு ரப்பர், எல்லாம் ஒரே வட்டம். பழைய செட்டின் இருபது கிலோ பிளேட், புது செட்டின் பதினைந்து அளவுக்குத்தான் தடிமன். எண் ஒரு பக்கத்தில்தான் உண்டு. அதை உள்பக்கம் திருப்பி மாட்டினால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

அவளிடம் சொன்னது தொண்ணூறு. ராடில் இருந்தது நூறு.

மூன்று முறை எடுத்தாள். மூன்று முறை! முதுகு பலகை மாதிரி இருந்தது. ராடை இறக்கிவிட்டு, "ஏன்க்கா இன்னைக்கு இவ்ளோ கனக்குது?" என்றாள். சரியாகத் தூங்காமல் வந்தால் அப்படித்தான் என்றேன்.

அவள் நோட்டில் 90 என்று எழுதிக்கொண்டாள். இங்கே எழுதி வைக்கிறேன்: 100.

ஏன் அப்போதே சொல்லவில்லை? சொன்னால் நூறோடு நின்றுவிடுவாள். இன்னும் நான்கு வாரம் போகட்டும். நூற்றுப் பத்தை எடுக்க வைத்துவிட்டுச் சொல்கிறேன். அவள் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அவள் நோட்டில் 92.5. இங்கே 102.5. இரண்டு முறை.

கணக்கு வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். ஓய்வுபெற்ற பிறகு மூட்டுவலிக்காக வருகிற மனிதர், ஒரு மணி நேரத்தில் நாலு ஸ்குவாட் போடுவார், மிச்ச நேரமெல்லாம் பராக்கு. ஸ்டாண்டைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "பதினஞ்சு பிளேட் ரெண்டும் இங்கேயே இருக்கே கோச். அப்ப உங்க தங்கச்சி தூக்கறது எது?"

நான் வாயில் விரல் வைத்துக் கண்ணடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பரீட்சை எழுதறவங்களுக்குக் கேள்வி என்னன்னு தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றிலும் பள்ளிக்கூடம்தான் இவருக்கு.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று கிளீன் நாள். நாற்பத்தைந்து கிலோவில் வேகம் வரவில்லை. டெட்லிஃப்ட் மாதிரி மெல்ல இழுக்கிறாய், முழங்காலைத் தாண்டியதும் குதிக்க வேண்டும் என்றேன். இடது காலில் மரமரப்பு என்கிறாள், பின்தொடையிலிருந்து கட்டைவிரல் வரை. நாள் முழுக்கச் சலவைக்கூடத்தின் ஈரத்தரையில் நிற்கிறாய், வராமல் என்ன செய்யும் என்றேன்.

நம்பிவிட்டாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

95. (105.) ஒரு முறை. இறக்கும்போது முகம் சுளித்தாள். இந்த வாரம் வாரத்துக்கு இரண்டரை என்ற என் சட்டத்தை நான் மீறவில்லை. முதல் நாளே பத்து கிலோ கூட்டிவிட்டேன் என்பதை யார் கேட்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 30, செவ்வாய்

தொண்ணூற்றேழரை என்றேன். நூற்று ஏழரை இருந்தது.

ராடு முழங்கால் வரை வந்தது. அப்புறம் அவள் கத்தவில்லை. ராடை விட்டாள், உட்கார்ந்தாள், பக்கவாட்டில் சாய்ந்தாள். இடது காலை அசைக்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தாள், கால் அசையவில்லை.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் என்ன செய்தேன்? ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிளேட்டைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தேன். ராடு வழியில் கிடக்கிறது என்று, யாரும் கேட்காமலே, உரக்கச் சொல்லிக்கொண்டு கழற்றினேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "இடுப்பை முந்த விட்டுட்டேனாக்கா?"

ஆமா என்றேன்.

ஆமான்னு சொல்லிட்டேன். பாவி.

அக்டோபர் 2, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்ததாம். எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

வலி குறைந்திருக்கிறது. இடது பாதம் மேலே தூக்கவில்லை, தொங்குகிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை கிலோ தூக்கினார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், தொண்ணூற்றேழரை என்று. அக்கா மேல தப்பில்ல டாக்டர், அவங்க சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க என்றும் சேர்த்துச் சொன்னாள்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் யாரோ சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது, எழுதாமல் தள்ளிப்போடுகிறேன். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ராடைப் பிடிப்பதற்கு முன் அவள் கேட்டாள்: "போன வாரமே ஒருமாதிரி இருந்துச்சு. பெல்ட் போட்டுக்கட்டுமா?" நூற்றுக்குக் கீழே இடுப்பைத் தாங்குகிற அந்த அகலப் பெல்ட் கிடையாது என்பது என் ஜிம்மின் சட்டம். வயிற்றைப் பூட்டக் கற்றுக்கொள்ளாமல் பெல்ட்டில் தொங்கக்கூடாது என்பதற்காக நான் வைத்தது. நூறுக்குத்தான் பெல்ட், தெரியும்ல என்றேன்.

தெரியும்க்கா என்று ராடைப் பிடித்தாள்.

அக்டோபர் 30, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறாள். சலவைக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்து சமைக்கிறார், துவைக்கிறார், அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறார். என்னிடம் முகம் கோணவில்லை. எனக்கு காபி போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

நவம்பர் 5, புதன்

பிசியோ அம்மா தொலைபேசியில் பேசினார். மூன்று முறை வீட்டுக்குப் போயும் இவள் எழுந்து உட்காரக்கூட மாட்டேன் என்கிறாளாம். நரம்பு திரும்ப வாய்ப்பிருப்பது முதல் சில மாதங்களில்தான், இப்படியே படுத்திருந்தால் கால் சூம்பிவிடும், நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார்.

போனேன். சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்:

"தொண்ணூத்தேழரை நான் மாசக்கணக்கா தூக்கின வெயிட்டுக்கா. அதுக்கே உடையுதுன்னா உள்ள எல்லாம் உளுத்துப்போச்சுன்னு அர்த்தம். உளுத்ததை எழுப்பி என்ன பண்றது?"

நீ உளுத்துப்போனவள் இல்லை என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள்.

எனக்குத்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 7, வெள்ளி

ஜிம்மில் கணக்கு வாத்தியார் பதினைந்து கிலோ பிளேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலை இல்லை. நான் பக்கத்தில் போனதும் நிறுத்தினார். "நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். "நீங்க சொல்லிடுவீங்கன்னு காத்துட்டிருக்கேன்."

சொன்னால் எழுந்துவிடுவாளா? எழுந்தால் என்னை வைத்திருப்பாளா? எனக்கு அவளை விட்டால் யார்? புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கையை மேலே தூக்க விடாத ஒரு தோள்பட்டையும் தரையடியில் ஒரு ஜிம்மும். ஞாயிறு மதியம் சாப்பிட ஒரு வீடு இருந்தது. அது அவள் வீடு.

பார், இப்போதும் என்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இந்த நாட்குறிப்பிலிருந்து தேதியையும் சரியான எடையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வாயால் சொல்லப்போய், தாளைத்தான் முதலில் கொடுத்தேன். புரியாமல் பார்த்தாள். பழைய செட், உள்பக்கம் திருப்பினது, எல்லாம் சொன்னேன்.

தலைமாட்டிலிருந்து அவள் நோட்டை எடுக்கச் சொன்னாள். தாளையும் நோட்டையும் மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். சலவைக்கூடத்தில் துணி எண்ணுகிறவள், அப்படித்தான் எண்ணினாள்.

"நூறு நான் தூக்கினேனா?"

"மூணு தடவை. அடுத்த வாரம் நூத்திரண்டரை. அதுக்கடுத்து நூத்தஞ்சு."

அவள் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. நான் காத்திருந்த அதே முகம். அதைப் பார்த்ததற்கு நான் செத்துப்போயிருக்கலாம்.

அப்புறம் விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. நூற்று ஏழரை.

"பெல்ட் கேட்டேனேக்கா."

நான் காலைப் பிடித்தேன். உணர்ச்சி இல்லாத கால்தான், அவளுக்குத் தெரிந்திருக்காது. அழுதேன், ஏதேதோ சொன்னேன். என் கோச் எனக்குச் செய்தார், உன் நல்லதுக்குத்தான், நூத்திப்பத்து எடுத்ததும் சொல்லணும்னு இருந்தேன். சொல்லச் சொல்ல எல்லாம் அசிங்கமாகக் கேட்டது. அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டவள்.

நவம்பர் 11, செவ்வாய்

அவள் வீட்டுக்காரர் ஜிம்முக்கே வந்தார், யூனிஃபார்மோடு. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல என்றார். கொடுத்தேன். படியேறப் போனவர் திரும்பி, காலையில் அவளாகவே கட்டிலுக்கடியிலிருந்து தாங்கியை எடுத்துத் தரச் சொன்னாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 29, சனி

இன்று போட்டி. நான் போகவில்லை. அவள் எடைப்பிரிவில் நூற்றிரண்டரை எடுத்தவளுக்கு முதல் பரிசு என்று கேள்விப்பட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

இரண்டு செட்டிலும் எல்லாப் பிளேட்டுக்கும், இரண்டு பக்கமும், வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதினேன். வாத்தியார் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஐந்து கோணலாக வந்துவிட்டது, அழித்து எழுதச் சொன்னார். ஒலிம்பிக் லிஃப்ட் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னை இன்னும் கோச் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எவ்வளவு மாட்டியிருக்கிறேன் என்று அவர்களையே வந்து கூட்டிப்பார்க்கச் சொல்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மதியம் ரொட்டி, ஜிம்மில்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பிசியோ அம்மா அழைத்தார். அவள் வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் கிளினிக்குக்கு வருகிறாளாம், தாங்கியோடு. பாதம் விரலளவு தூக்குகிறது. முழுசாக வராது, ஆனால் நடப்பாள். போன வாரம் தரையிலிருந்து எட்டு கிலோ எடுக்கத் தொடங்கியிருக்கிறாள், முதுகு பலகை மாதிரி நிற்கிறது, யார் கற்றுக்கொடுத்ததோ என்று ஆச்சரியப்பட்டார்.

ஒரு விஷயம் கேட்கத்தான் அழைத்தாராம். எந்த எடையைக் கொடுத்தாலும் அவள் உடனே தூக்குவதில்லை. கிளினிக் மூலையில் குழந்தைகளை நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது. காலை இழுத்து இழுத்து அதுவரை கொண்டுபோய், வைத்து, முள் நிற்கும்வரை பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் திரும்பிவந்து தூக்குகிறாள். ஒவ்வொரு எடையும். ஒவ்வொரு நாளும். நேற்று நிறுத்ததையே இன்றைக்கும்.

"அதுலயே எழுதியிருக்கு, சரியாத்தான் இருக்கும்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. அவங்க சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?"

இல்லை என்றேன். முன்னெல்லாம் நான் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள் என்றேன்.